காலிறுதிதான், ஆனாலும் கேமரூன்தான்!

நடுவர் அவர்களே, வணக்கம். உலகக் கோப்பைக் கால்பந்தில் ஆப்பிரிக்காவின் பெரிய சாதனை 1990-ல் காலிறுதி வரை போன கேமரூனா, 2022-ல் அரையிறுதி வரை போன மொராக்கோவா என்பது இன்றைய வழக்கு. எதிரணித் தம்பி வந்தார், "அரையிறுதி பெரிதா, காலிறுதி பெரிதா, இதுகூடவா தெரியாது?" என்று கேட்டுக் கைதட்டலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சரி தம்பி, கணக்கே பார்ப்போம்.

2022-ல் ஆப்பிரிக்காவுக்கு ஐந்து இடம். 1990-ல் மொத்தக் கண்டத்துக்கும் இரண்டே இடம். அதில் ஒன்றைப் பிடித்து மிலானுக்குப் போனால், முதல் ஆட்டமே நடப்புச் சாம்பியன் அர்ஜென்டினாவோடு, எதிரே மரடோனா. கேமரூன் வீரர் கானா பியிக் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போய், பத்துப் பேரோடு திணற வேண்டிய நேரத்தில்தான் அவர் சகோதரர் ஓமாம் பியிக் தலையால் முட்டி கோல் போட்டார். பிறகு மாசிங்கும் வெளியே. (அர்ஜென்டினாவின் கனிஜியா மேல் அவர் பாய்ந்த பாய்ச்சலுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன், அது ஃபவுல் இல்லை, அடிதடி.) ஒன்பது பேர் நின்று ஜெயித்தார்கள், 1-0.

அப்புறம் ரோஜர் மில்லா. வயது 38, ஓய்வு பெற்று ரீயூனியன் தீவில் ஆடிக்கொண்டிருந்தவரை நாட்டின் அதிபரே அழைத்துக் கொண்டுவந்தார். எல்லா ஆட்டத்திலும் மாற்று வீரர்தான், ஆனால் ருமேனியாவுக்கு இரண்டு கோல், கொலம்பியாவுக்கு இரண்டு, ஒவ்வொன்றுக்கும் கார்னர் கொடியருகே ஓர் ஆட்டம்!

சோவியத்திடம் 0-4 தோற்றதை எதிரணி இழுக்கும். இழுக்கட்டும், அதற்குள் அடுத்த சுற்று உறுதியாகியிருந்தது. மொராக்கோ 1986-லேயே இரண்டாம் சுற்றுக்குப் போனதே என்பார்கள். போனது, அங்கேயே நின்றது. காலிறுதியை எட்டிய முதல் ஆப்பிரிக்க அணி கேமரூன்தான்.

அந்தக் காலிறுதியிலும் நான்கு பேருக்குத் தடை, ஆனாலும் 83-வது நிமிடம் வரை இங்கிலாந்தை 2-1 என முந்தி நின்றார்கள். லினேக்கரின் இரண்டு பெனால்டிகள் இல்லையென்றால் இந்த வழக்கே இங்கே வந்திருக்காது.

மொராக்கோ ஸ்பெயினையும் போர்ச்சுகலையும் ஊருக்கு அனுப்பியது பெரிய விஷயம்தான், யார் மறுத்தது? ஆனால் அடுத்துப் பேச வருபவர் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுத் தொடரட்டும்: 1994-ல் ஆப்பிரிக்காவின் இடம் இரண்டிலிருந்து மூன்றாக உயர்ந்ததே, அது யார் ஆடியதைப் பார்த்து?