பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையே

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இந்தச் சமூக மன்ற அறையின் சுவரில் மாட்டியிருக்கும் வட்டக் கடிகாரத்தை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். கைப்பேசியிலும் பெருவிரைவு ரயில் நிலையத் திரையிலும் நேரத்தை எண்களாகவே பார்த்துப் பழகிவிட்ட நமக்கு, முள் வைத்த கடிகாரம் ஏறக்குறைய ஓர் அலங்காரப் பொருளாகிவிட்டது. இன்று நான் பேச வந்தது அதன் இரண்டு முட்களைப் பற்றி மட்டும்தான். விநாடி முள்ளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒரு நாளில், அதாவது 24 மணி நேரத்தில், பெரிய முள் சின்ன முள்ளின் மேல் எத்தனை முறை சரியாகப் பொருந்தும்? மணிக்கு ஒருமுறை என்று வைத்து 24 என்றுதான் பலரும் சொல்வார்கள். முதன்முதலில் கேட்டபோது நானும் அப்படித்தான் சொன்னேன். விடை 22.

தவறு எங்கே நேர்கிறது என்றால், சின்ன முள் ஓரிடத்தில் நிற்பதாக நாம் நம்மை அறியாமலே நினைத்துக்கொள்கிறோம். மூன்றே கால் மணிக்கு இரண்டு முட்களும் ஒன்றின் மேல் ஒன்று இருக்கும் என்று சொல்லும் பிள்ளையிடம் ஒரு கடிகாரத்தைக் கொடுத்துத் திருகச் சொல்லுங்கள்; பெரிய முள் மூன்றைத் தொடும்போது சின்ன முள் மூன்றைத் தாண்டி ஏழரை பாகை நகர்ந்திருப்பதை அது தன் கண்ணாலேயே பார்க்கும். துணைப்பாட வகுப்பில் பத்துத் தாள் எழுதுவதைவிட இந்த ஒரு திருகல் மேல் என்பது என் கருத்து.

நிமிடத்திற்குப் பெரிய முள் 6 பாகையும் சின்ன முள் அரை பாகையும் நகர்கின்றன. 12 மணி நேரத்தில் பெரிய முள் 12 சுற்றுச் சுற்றுகிறது, சின்ன முள் 1 சுற்று. ஆகவே முன்னது பின்னதை எட்டிப்பிடிப்பது 11 முறைதான். 12 மணி நேரத்தைப் பதினொன்றால் வகுத்தால், ஒரு சந்திப்புக்கும் அடுத்த சந்திப்புக்கும் இடையே 1 மணி 5 நிமிடம் 27 விநாடிக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளி கிடைக்கிறது. பத்து மணிக்குப் பிறகு வரும் சந்திப்பு 10:54:33 அளவில் நிகழ்கிறது. அடுத்தது மிகச்சரியாகப் பன்னிரண்டு மணிக்கு. பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில் சந்திப்பே இல்லை. பன்னிரண்டு இருக்கும் என்று நினைத்த இடத்தில் பதினொன்றாகக் குறைந்ததே, அந்தக் காணாமற்போன ஒன்று அங்கேதான் இருக்கிறது.

முட்கள் எதிரெதிராக ஒரே நேர்கோட்டில் நிற்பதும் நாளுக்கு 22 முறையே. செங்கோணம் மட்டும் ஒவ்வொரு துரத்தலிலும் இருமுறை அமைவதால் 44.

இந்தக் கணக்கு சிங்கப்பூரில் ஒரு நாள் பொய்த்தது. 1981 டிசம்பர் 31 வரை நம் நேரம் கிரீன்விச்சை விட ஏழரை மணி நேரம் முன்னால் இருந்தது. தீபகற்ப மலேசியா தன் நேரத்தைச் சாபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்க முடிவு செய்தபோது சிங்கப்பூரும் கூடவே மாறியது. அன்றிரவு 11:30 மணி நேராக நள்ளிரவு 12 ஆனது. அந்த அரை மணி நேரத்தோடு முட்கள் எவற்றை இழந்தன என்று கணக்கிட்டுப் பார்த்தேன். சந்திப்பு எதுவும் போகவில்லை, ஏனென்றால் அங்கே இழக்க ஒன்றுமில்லை. எதிரெதிராக நிற்கும் நிலை 11:27:16 அளவிலேயே, மாற்றத்திற்கு மூன்று நிமிடம்கூட இல்லாத நேரத்தில், முடிந்துவிட்டிருந்தது. போனது 11:43:38 அளவில் வரவேண்டிய செங்கோணம் ஒன்றுதான். ஆகவே அந்த நாளுக்கு 43.

ஆனால் அன்றிரவு சுவர்க் கடிகாரத்தை இறக்கி, பின்னால் இருக்கும் குமிழைத் திருகிப் பெரிய முள்ளை ஆறிலிருந்து பன்னிரண்டுக்குக் கொண்டுபோனவர் இங்கே யாராவது இருந்தால் என்னோடு வாதிடலாம்: அவர் விரலடியில், ஒன்பதைத் தொடுவதற்குச் சற்று முன்னே, அந்தச் செங்கோணம் ஒரு கணம் வந்துதான் போயிருக்கும்.