விலை பேசும் முன் அரை மணி நேரம்

நேயர்களுக்கு வணக்கம்.

திருவல்லிக்கேணியில் சின்னதாக ஒரு கடை வைத்து மடிக்கணினி பழுது பார்ப்பவன் நான். மேடையில் பேசிப் பழக்கமில்லை. கடைக்கு வருபவர்களிடம் பேசுவது போலத்தான் எனக்குப் பேச வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி திறக்கும் சமயத்தில் ஒரு நாள், எங்கள் தெரு முனை ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஒரு அண்ணன் கடைக்கு வந்தார். மகளுக்கு பி.காம். இடம் கிடைத்திருந்தது. லேப்டாப் வேண்டும். கையில் 20,000 ரூபாய். "ஷோரூம்ல போய்ப் பார்த்தேன் தம்பி, நம்ம காசுக்கு அங்க ஒண்ணும் தேறாது. ரிச்சி தெருவுல ஒரு லட்ச ரூபா மெஷினை 18,000த்துக்குத் தர்றாங்களாம். திருட்டுப் பொருளா இருக்குமோ?"

ரிச்சி தெரு சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு, பழைய லேப்டாப்பும் அங்கே கிடைக்கும். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஒரு லட்ச ரூபாய்ப் பொருளை ஒருவன் எதற்கு 18,000த்துக்கு விற்கப் போகிறான்?

அந்த மெஷின்கள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். பழைய மகாபலிபுரம் சாலையிலும் பெங்களூரிலும் இருக்கும் பெரிய கம்பெனிகள் ஊழியர்களுக்கு நூற்றுக்கணக்கில் லேப்டாப் வாங்குகின்றன, அல்லது குத்தகைக்கு எடுக்கின்றன. பெரும்பாலும் 3 வருட வாரண்டியோடு. அது முடிந்ததும் அவற்றை வைத்துப் பராமரிப்பது கம்பெனிக்குத் தலைவலி. வருமான வரிக் கணக்கில் கணினிக்கு வருடம் நூற்றுக்கு 40 வீதம் தேய்மானம் கழிக்கலாம் என்பதால், நான்காம் வருடத்தில் ஏட்டில் அந்த மெஷினுக்குப் பெரிதாக மதிப்பும் இருக்காது. மொத்தமாக விற்றுவிடுகிறார்கள். வாங்கும் வியாபாரி துடைத்து, தரம் பிரித்து, ஏ கிரேட், பி கிரேட் என்று கடைகளுக்கு அனுப்புகிறார். லெனோவோ திங்க்பேட், டெல் லேட்டிட்யூட், எச்பி எலைட்புக் ஆகிய மூன்றும்தான் இந்த வழியில் அதிகம் வருபவை.

இவை நாம் ஷோரூமில் பார்க்கும் வீட்டு உபயோக மெஷின்களைப் போல் இல்லை. கழற்றி மாட்டுவதற்கென்றே கட்டியவை. திங்க்பேட் டி480 என்று ஒரு மாடல், 2018இல் வந்தது. அடிப்பக்கத்து ஸ்க்ரூக்களைத் தளர்த்தினால் மூடி வந்துவிடும். ரேமுக்கு இரண்டு ஸ்லாட். உள்ளே ஒரு பேட்டரி, வெளியே கழற்றக்கூடிய இன்னொரு பேட்டரி. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளி பேட்டரியை மாற்றலாம். எந்த ஸ்க்ரூ எங்கே என்று படம் போட்ட பழுதுபார்ப்புக் கையேட்டை, மெஷினைத் தயாரித்த நிறுவனமே இலவசமாகக் கொடுக்கிறது. என்னைப் போன்ற ஆளுக்கு அது புது டிவிஎஸ் ஃபிப்டிக்கும் பழைய புல்லட்டுக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. பழசுதான், ஆனால் எலும்பு கெட்டி.

சரி, இப்போது தள்ளுபடிக்கு வருவோம். கடையில் ஒட்டியிருக்கும் சீட்டில் "புதிது 1,10,000, இப்போது 18,000" என்று இருக்கும். அந்த முதல் எண்ணைப் பார்க்கவே பார்க்காதீர்கள். அது ஏழெட்டு வருடத்துக்கு முந்தைய விலை. அதோடு கழித்துப் பார்த்து மகிழ்வதில் அர்த்தமில்லை. அதே மாடல், அதே ரேம், பக்கத்துக் கடையில் என்ன விலை? அதுதான் விலை.

அப்புறம், சில தள்ளுபடிகளுக்குப் பின்னால் ஒரு காரணம் ஒளிந்திருக்கும். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஏற வேண்டுமென்றால் இன்டெல் பிராசஸரில், அதாவது மெஷினின் மூளையான சிப்பில், ஓரிரு விதிவிலக்கு தவிர, எட்டாம் தலைமுறையாவது வேண்டும். கடைக்காரர்கள் "எய்த் ஜென்" என்பார்கள். அதற்கும் முந்தைய ஆறாம், ஏழாம் ஜென் மெஷின்களைக் கம்பெனிகள் கொட்டித் தீர்க்கின்றன. அதனால் அவை மலிவு. தலைமுறையைக் கண்டுபிடிப்பது சுலபம். பிராசஸர் பெயர் ஐ5-8350யு என்றிருந்தால் கோட்டுக்குப் பின் வரும் 8தான் தலைமுறை. 1135 என்று ஆரம்பித்தால் பதினொன்று.

இதில் ஒரு பழைய விளையாட்டு உண்டு. "ஐ5 எதுக்கு சார், அதே விலையில ஐ7 தர்றேன்" என்பார்கள். பார்த்தால் ஐ7-7500யு. ஏழாம் ஜென். அதில் கோர், அதாவது அந்த மூளைக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி, இரண்டுதான். எட்டாம் ஜென் ஐ5இல் நான்கு. பெயரில் ஏழு பெரிது, வேலையில் ஐந்து பெரிது.

ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை மாலையும் வேண்டாம். கூட்டத்தில் உங்களை உட்கார வைத்து எவரும் மெஷினைக் காட்ட மாட்டார்கள். விலை பேசும் முன் மெஷினைச் சோதிக்க நான் சொல்லும் அரை மணி நேரத்துக்கு வார நாளில் காலை பதினோரு மணி வாக்கில் போனால்தான் சரி. கையில் ஒரு பென் டிரைவ், காதுக்கு ஒரு ஹெட்செட், போனில் ஹாட்ஸ்பாட். இவ்வளவு போதும்.

கையில் வாங்கியதும் ஆன் செய்ய வேண்டாம். மூடியபடியே சமமான மேசையில் வையுங்கள். ஆடுகிறதா? டச்பேட் லேசாக மேலே உப்பியிருக்கிறதா? அப்படியென்றால் உள்ளே பேட்டரி வீங்கியிருக்கலாம். பேரம் பேசாமல் எழுந்துவிடுங்கள். பிறகு மூடியைத் திறந்து, ஸ்க்ரீனின் ஒரு மூலையை மட்டும் பிடித்து மெதுவாக ஆட்டிப் பாருங்கள். கீல் விட்டிருந்தால் அங்கே தெரியும்.

ஆன் செய்ததும் ஸ்க்ரீனுக்கு நேராக உட்கார்ந்து பார்ப்பதோடு நிறுத்தாமல், எழுந்து நின்று மேலிருந்தும் பாருங்கள். கம்பெனிகள் செலவைக் குறைக்க மலிவான ஸ்க்ரீன் போட்டு வாங்கிய மெஷின்கள் ஏராளம். மேலிருந்து பார்த்தால் முகமெல்லாம் சாம்பல் பூத்தது போல் வெளுத்துப் போகும். மூணு வருடம் கணக்குப் படிக்கும் பிள்ளைக்கு அது கண் வலி.

பேட்டரி விஷயத்தில் "மூணு மணி நேரம் வரும் சார்" என்ற பேச்சு வேண்டாம், மெஷினையே கேட்டுவிடலாம். காகிதம் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்புத் திரையைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்ற ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, வலப்பக்கம் சாயும் கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று ஒரே சொல்லாக அடித்து என்டர் தட்டுங்கள். அறிக்கையை எங்கே வைத்திருக்கிறது என்று அதுவே சொல்லும். திறந்தால் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று பிறக்கும்போது இருந்த கொள்ளளவு, மற்றது இன்று முழுதாக நிரம்பினால் கொள்வது. முன்னது 50,000, பின்னது 30,000 என்றால் அறுபது சதவீதம்தான் மிச்சம். வாங்கலாம், ஆனால் புது பேட்டரியின் விலையை மனதில் கழித்துக்கொண்டு பேசுங்கள்.

பெரும்பாலும் நாம் பார்க்க மறந்துவிடுவது சார்ஜரை. மெஷினைப் பார்க்கும் மும்முரத்தில் ஏதோ ஒரு சார்ஜரைப் பையில் போட்டுக் கொடுப்பார்கள். சில டெல் மெஷின்கள் சார்ஜரின் நடு முள் வழியாக அது தன் சார்ஜர்தானா என்று கேட்டுக்கொள்ளும். பதில் வரவில்லையென்றால் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றாது, வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். "ஸ்லோவா இருக்கு, ரேம் போடணுமா" என்று என் கடைக்கு வருபவர்களில் சிலருக்கு வியாதி சார்ஜரில்தான்.

அதேபோல விண்டோஸ். இந்த மெஷின்களில் பெரும்பாலும் ஒரிஜினல் லைசன்ஸ் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அப்படியிருக்க, "விண்டோஸ், ஆஃபீஸ் எல்லாம் லைஃப்டைம் ஃப்ரீயா போட்டுத் தர்றோம்" என்று அவர்கள் போட்டுக் கொடுக்கும் திருட்டுப் பதிப்பு நமக்கு எதற்கு? அந்த ஆஃபீஸ் வேண்டவே வேண்டாம்.

இனி நான் ஏமாந்த கதை. இதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன்.

என் தங்கை மகனுக்கு ஒரு மெஷின் வாங்கினேன். தொழிலே இதுதான் என்ற மிதப்பு. பேட்டரி, ஸ்க்ரீன், கீபோர்டு எல்லாம் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. விலையும் மற்ற கடைகளைவிட 3,000 குறைவு. ஏழு மாதம் நன்றாக ஓடியது. ஒரு நாள் வைரஸ் ஏறிவிட்டதென்று கொண்டுவந்தான். சுத்தமாகத் துடைத்துப் புதிதாக விண்டோஸ் ஏற்றினேன். வைஃபை கொடுத்தேன். உடனே திரையில் ஒரு கம்பெனியின் பெயர் வந்து, "உங்கள் அலுவலகக் கணக்கின் பாஸ்வேர்டு கொடுங்கள்" என்று கேட்டது.

பையன் என்னைப் பார்க்கிறான். "என்ன மாமா, நம்ம லேப்டாப்தானே?"

ஆட்டோபைலட் என்று அதற்குப் பெயர். கம்பெனி ஒரு மெஷினை வாங்கும்போது அதன் அடையாளத்தை மைக்ரோசாஃப்டிடம் பதிந்து வைக்கிறது. அதற்குப் பிறகு எத்தனை முறை துடைத்து விண்டோஸ் ஏற்றி இணையத்தில் இணைத்தாலும் மெஷின் பழைய முதலாளி வீட்டு வாசலில் போய் நிற்கும். விற்கும்போது கம்பெனி அந்தப் பதிவை நீக்க வேண்டும். சிலர் மறந்துவிடுகிறார்கள். கடைக்காரர் இணையம் கொடுக்காமல் விண்டோஸ் ஏற்றி விற்றால் எதுவும் தெரியாது. அடுத்த முறை துடைக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். அந்தக் கடைக்குப் போனேன். "செக்கிங் வாரண்டி ஒரு மாசம்தான் சார்" என்றார்கள். கம்பெனிக்கு மின்னஞ்சல் போட்டேன், பதில் இல்லை. கடைசியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தை ஏற்றினேன். லினக்ஸுக்கு இந்தப் பூட்டு கிடையாது. பையனுக்கு வேறு மெஷின் வாங்கிக் கொடுத்தேன். பழையது இன்றும் என் கடையில் பில் போடுகிறது.

அதனால்தான் அரை மணி நேரம் என்றேன். அதில் பாதி இதற்கே போய்விடும். பென் டிரைவில் விண்டோஸ் வைத்துக்கொண்டு போய், கடையிலேயே புதிதாக ஏற்றச் சொல்லுங்கள். உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டைக் கொடுங்கள். சாதாரணமாக நாடு, கீபோர்டு எல்லாம் கேட்டு, உங்கள் சொந்தக் கணக்கைக் கேட்டால் பிழைத்தீர்கள். ஏதாவது கம்பெனி பெயர் வந்தால், நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். கடைக்காரர் நேரமில்லை என்றால், "கம்பெனி லாக் வந்தால் பணம் திருப்பித் தரப்படும்" என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தாலே பதில் கிடைத்துவிட்டது.

இன்னொரு பூட்டும் உண்டு. ஆன் செய்தவுடன் திங்க்பேட் என்றால் எஃப்1, டெல் என்றால் எஃப்2, எச்பி என்றால் எஃப்10 தட்டிப் பாருங்கள். உள்ளே பயாஸ் பக்கம், அதாவது மெஷினின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பக்கம், தானாகத் திறக்க வேண்டும். பாஸ்வேர்டு கேட்டால் வேண்டாம். திங்க்பேடில் அந்த சூப்பர்வைசர் பாஸ்வேர்டு தெரியாவிட்டால் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்பதுதான் நிறுவனத்தின் பதில்.

திருட்டுப் பொருளா என்று அந்த அண்ணன் கேட்டாரே, அதற்கும் வழி இருக்கிறது. அடியில் சீரியல் எண் இருக்கும். அதை, மெஷினைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் போட்டால் எந்த வருடத்து மெஷின், என்னென்ன பாகத்தோடு வெளியே வந்தது என்று தெரியும். எண்ணைச் சுரண்டியிருந்தாலோ, பயாஸில் வேறு எண் இருந்தாலோ தொடாதீர்கள். ஜிஎஸ்டி எண்ணோடு பில் வாங்குங்கள், அதில் சீரியல் எண்ணும் இருக்கட்டும். அரசு முத்திரை போட்ட மாணவர் லேப்டாப் எவராவது விற்க வந்தால், அது எவ்வளவு மலிவாக இருந்தாலும் நமக்கு வேண்டாம்.

மறுநாள் அண்ணனும் மகளும் நானுமாக அவர் ஆட்டோவிலேயே ரிச்சி தெருவுக்குப் போனோம். மூன்றாவது கடையில் ஒரு டி480 அமைந்தது. விண்டோஸ் ஏற்றினோம், கம்பெனி பெயர் எதுவும் வரவில்லை. வெளி பேட்டரி நாற்பது சதவீதம்தான், அதைக் காட்டி 1,500 குறைத்தேன். எல்லாம் முடிந்து பணம் எண்ணும்போது பார்த்தால் கேமரா வேலை செய்யவில்லை. கறுப்பாக இருந்தது. நான் கேமராவை இயக்கும் டிரைவர் மென்பொருளை மாற்றினேன். கடைப் பையன் இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்தான். கேபிள் போயிருக்கும் என்றேன். கடைக்காரர் வேறு பீஸ் எடுக்க உள்ளே போய்விட்டார்.

அந்தப் பெண் இவ்வளவு நேரமும் பேசாமல் நின்றுகொண்டிருந்தாள். எட்டி, ஸ்க்ரீனுக்கு மேலே கேமராவை மூடியிருந்த சின்னத் தகட்டை நகத்தால் நகர்த்தினாள். எங்கள் மூன்று பேர் முகமும் திரையில் தெரிந்தது.

பை ஒன்று இலவசமாகக் கேட்டு வாங்கினாள், அதுவும் அவளேதான். திரும்பும்போது அண்ணன் என்னை வாசல் வரை கொண்டுவந்து விட்டார். மீட்டர் போடவில்லை. சென்னையில் அது ஒன்றும் அதிசயமில்லை. காசு வாங்கவில்லை என்பதுதான் அதிசயம்.

வணக்கம்.