தம்பி, இது எந்த ஊர்ப் பொலிஸ்? திருகோணமலையிலிருந்து ஒரு துப்பறியும் நாவல்

[காட்சி: விடியற்காலை. மணலில் ஏற்றி வைத்த படகுகள். தூரத்தில் கோணேசர் மலை.]

வணக்கம். இந்த ஊரை வைத்துத் துப்பறியும் நாவல் எழுதி, அச்சிட்டு, விற்க நினைக்கிறவர்களுக்கு இது. இந்தக் கடற்கரையில் ஒரு பிணம் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் யார் வருவார்கள்?

நான் எழுதிய முதல் துப்பறியும் நாவலில் இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார். எஃப்.ஐ.ஆர். போட்டார். "செக்ஷன் 302" என்றார். கடைசி அத்தியாயத்தில் கொலைகாரன் அவருக்கு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். கையெழுத்துப் பிரதியை, நீதிமன்றத்தில் முதலியாராக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்து ஓய்வுபெற்ற ஒரு ஐயாவிடம் கொடுத்தேன். ஒரு கிழமை கழித்துத் திருப்பித் தந்தார். ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. முதல் பக்கத்தின் தலைமாட்டில் மட்டும் பெரிய எழுத்தில் ஒரு கேள்வி: "தம்பி, இது எந்த ஊர்ப் பொலிஸ்?"

[காட்சி: பென்சில் குறிப்புகளுள்ள தாள், கிட்டத்தில்.]

தமிழ்நாட்டு மாத நாவல்களைப் படித்து வளர்ந்த கை அது. 302 என்பது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் கொலைப் பிரிவு. அங்கேயும் 2024 ஜூலை 1 இலிருந்து புதிய சட்டம் வந்து, அது 103 ஆகிவிட்டது. எங்கள் தண்டனைச் சட்டக்கோவையில் கொலை என்றால் என்ன என்று சொல்வது 294 ஆம் பிரிவு. தண்டனையைச் சொல்வது 296. தண்டனை மரணம்தான், ஆனால் 1976 க்குப் பிறகு இந்த நாட்டில் ஒருவரையும் தூக்கிலிட்டதில்லை. இன்றைய இலங்கையில் நடக்கிற கதையைத் தூக்குமேடையில் கொண்டுபோய் முடித்தால் வாசகர் நம்பமாட்டார்.

சரி, பிணத்திடம் யார் வருவார்கள்? பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி வருவார். ஊரில் அவரை ஓஐசி என்போம். திடீர் மரண விசாரணை அதிகாரி வருவார். கொலை என்று சந்தேகம் என்றால் நீதவான் வந்து பார்ப்பார். உடல் ஆஸ்பத்திரிக்குப் போய், சட்ட வைத்திய அதிகாரி பிரேத பரிசோதனை செய்வார். பிடிபட்டவரைச் சாதாரண சட்டத்தில் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். இந்தக் கடைசி வரியை எழுத்தாளர்கள் சட்டப் பாடம் என்று நினைத்துத் தாண்டிப் போகிறார்கள். நான் அதை ஒரு மணிக்கூடாகப் பார்க்கிறேன். உங்கள் கதையின் விறுவிறுப்பு அதற்குள்தான் ஓடுகிறது.

இப்போது அந்த ஒப்புதல் காட்சிக்கு வருவோம். ஐயா அந்த அத்தியாயம் முழுவதையும் ஒரே கோட்டால் வெட்டியிருந்தார். காரணம், எங்கள் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு. பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரிடம் செய்த குற்ற ஒப்புதலை, குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நீதிமன்றத்தில் காட்ட முடியாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கணக்கு வேறு. ஆனால் காணிச் சண்டையிலோ காதல் சண்டையிலோ நடந்த கொலைக்கு இதுதான் விதி. ஓஐசியிடம் அழுதுகொண்டே சொன்ன உண்மைக்கு வழக்கில் பெறுமதி இல்லை.

அதைக் கேட்டதும் எனக்குக் கை சோர்ந்துவிட்டது. பிறகு ஐயா 27 ஆம் பிரிவைச் சொன்னார். சந்தேக நபர் சொன்னதை வைத்து ஒரு பொருளைக் கண்டெடுத்தால், அந்தக் கண்டெடுப்போடு நேரே தொடர்புபட்ட சொற்களை மட்டும் நீதிமன்றம் ஏற்கும். "நான் அவனைக் குத்திப்போட்டு, கத்தியைப் பாலத்துக்குக் கீழே எறிந்தேன்" என்று ஒருவன் சொல்கிறான். சுழியோடிகள் இறங்கிக் கத்தியை எடுக்கிறார்கள். "கத்தியைப் பாலத்துக்குக் கீழே எறிந்தேன்" என்பது உள்ளே வரும். "குத்திப்போட்டு" வெளியே நிற்கும். ஒரே வாக்கியம், பாதி சாட்சி, பாதி காற்று. இதைவிட நல்ல முடிச்சை எந்த எழுத்தாளர் கற்பனை செய்ய முடியும்? என் நாவலின் இரண்டாம் பாதி முழுவதும் அந்தப் பாதி வாக்கியத்தில்தான் நிற்கிறது.

[காட்சி: பஸ் நிலையம். மூன்று மொழிப் பெயர்ப்பலகைகள்.]

இன்னொன்று மொழி. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேர்ந்து வாழ்கிற ஊர் இது. மூதூரிலிருந்து ஒரு அம்மா முறைப்பாடு கொடுக்க வருகிறா. தமிழில் சொல்கிறா. எதிரில் இருக்கிறவர் சிங்களத்தில் எழுதுகிறார். அம்மா தனக்கு வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து வைக்கிறா. "பின்னேரம்" என்று அவ சொன்னது தாளில் "இரவு" என்று விழுந்திருந்தால்? நீதிமன்றத்தில் இரண்டு வருடம் கழித்து அந்த ஒரு சொல்லில் ஒரு மனிதனின் தலைவிதி தொங்கும். மொழிபெயர்த்துச் சொல்வதே முதலியார்மாரின் வேலை, அதனால் ஐயாவிடம் இப்படிக் கதைகள் நிறைய. சென்னையிலோ மதுரையிலோ இருந்து எழுதுகிறவருக்கு இது கிடைக்காது. எங்களுக்கு வாசலில் கிடக்கிறது.

[காட்சி: வாடைக் காலக் கடல். அலை கரையேறுகிறது.]

கடலும் அப்படித்தான். மார்கழியில் வாடைக் காற்று நேரே முகத்தில் அடிக்கிற பக்கம் பின்குடா. அதே நாளில் உள்துறைமுகம் குளம் போலக் கிடக்கும். "அன்று இரவு பின்குடாவிலிருந்து சின்னப் படகில் தனியாகப் போனேன்" என்று உங்கள் பாத்திரம் சொன்னால், ஊர் மீனவர் ஒருவர் அந்த இடத்திலேயே பொய்யைப் பிடித்துவிடுவார். துப்பறிவாளராக ஒரு மீனவரை வைத்தால் என்ன என்று எனக்கு யோசனை வந்தது அப்போதுதான். கச்சான் காற்றையும் வாடைக் காற்றையும் நீரோட்டத்தையும் அறிந்த ஆளுக்குக் கைரேகைக் கண்ணாடி தேவையில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் நிதானமாகச் சொல்ல வேண்டும். 2006 ஜனவரி 2 அன்று இதே நகரக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். 2019 ஜூலையில் சந்தேக நபர்கள் பதின்மூன்று பேரையும் நீதவான் நீதிமன்றம் விடுவித்தது. இது போல முடிவு காணாத மரணங்கள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ வீட்டில் இருக்கின்றன. அவற்றின் பெயரையும் இடத்தையும் லேசாக மாற்றி விறுவிறுப்புக் கதை ஆக்காதீர்கள். உங்கள் புத்தகத்தை வாங்குகிற கையே அப்படிப் பிள்ளையை இழந்த ஒரு தாயின் கையாக இருக்கலாம். கொலை நடந்தால் விசாரணை நடக்க வேண்டும், உண்மை வெளியே வர வேண்டும் என்ற ஏக்கம் இந்த ஊரில் பெரியது. துப்பறியும் கதையை நான் இங்கே எழுதுவதற்குக் காரணமும் அந்த ஏக்கம்தான்.

[காட்சி: அச்சகம். மடித்த தாள்கள்.]

அச்சு வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புத்தகம் பதினாறு பதினாறு பக்கமாக மடிந்து வரும். 180 பக்கம் எழுதியிருந்தால் 176 க்குச் சுருக்குங்கள், அல்லது 192 க்குப் போங்கள். 300 அல்லது 500 பிரதி அடிப்பதுதான் இங்கே வழக்கம், பெரும்பாலும் எழுதினவரின் காசில். ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள எண்ணைக் கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை தரும். 978 க்குப் பிறகு 955 அல்லது 624 என்று வந்தால் அது இலங்கைப் புத்தகம். பதிப்புரிமைக்கு எங்கேயும் பதிய வேண்டியதில்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதிய கணத்திலிருந்து அது உங்களுடையது. உங்கள் காலத்துக்குப் பிறகும் 70 வருடம் உங்கள் பிள்ளைகளுடையது. யாராவது "நாங்கள் போடுகிறோம், உரிமையைத் தாருங்கள்" என்றால் எத்தனை பதிப்பு, எத்தனை வருடம் என்பதைத் தாளில் எழுதி வாங்குங்கள்.

[காட்சி: மண்டபம். குத்துவிளக்கு, மாலை, மேசையில் அடுக்கிய புத்தகங்கள்.]

இனி விற்பனை. எங்கள் பக்கத்தில் அது வெளியீட்டு விழாவில் தொடங்குகிறது. வரவேற்புரை, ஆசியுரை, வெளியீட்டுரை, நயவுரை, கடைசியில் உங்கள் ஏற்புரை. ஊர் வர்த்தகர் ஒருவர் முதற்பிரதி வாங்குவார். வந்தவர்கள் வரிசையாக மேடையேறி, என்வலப்பைக் கையில் தந்து புத்தகத்தை வாங்கிப் போவார்கள். அச்சகக் கடன் பெரும்பாலும் அந்த ஒரு பின்னேரத்தில்தான் அடைபடும். இந்த வழக்கத்தை நான் மனதார மதிக்கிறேன். ஊர் தன் எழுத்தாளரைத் தாங்கிப் பிடிக்கிற முறை இது.

ஆனால் துப்பறியும் நாவலுக்கு அதில் ஒரு பொறி இருக்கிறது. என் விழாவில் நயவுரை செய்தவர் நல்ல அறிஞர். கதையை முதலிலிருந்து அழகாகச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் மேடையில் உட்கார்ந்திருக்க, கொலைகாரனின் பெயரையும் சொல்லி, அந்தப் பாத்திரப் படைப்பைப் பாராட்டினார். முன்வரிசையில் ஒரு பிள்ளை, அப்போதுதான் வாங்கிய புத்தகத்தை விரித்து ஏழாம் பக்கமோ எட்டாம் பக்கமோ படித்துக்கொண்டிருந்தது. மெல்ல மூடி மடியில் வைத்தது. அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. பிழை அவருடையதல்ல. சமூக நாவலுக்கு நயவுரை அப்படித்தான் செய்வார்கள். நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். இப்போது நயவுரைக்குக் கொடுக்கிற பிரதியில், பத்தாம் அத்தியாயம் முடிகிற பக்கத்தில் ஒரு ரிப்பன் வைத்துத் தருகிறேன். "ஐயா, மேடையில் இதுவரைக்கும்தான்." இதுவரை ஒருவரும் மறுத்ததில்லை.

விழா முடிந்தால் மிச்சப் பிரதிகளோடு வீட்டில் இருந்துவிடாதீர்கள். நூலகங்களுக்குப் போங்கள். கடைகளில் விற்ற பிறகு காசு என்ற முறையில் பத்துப் பத்தாக வையுங்கள், கொடுத்த திகதியைக் கொப்பியில் எழுதுங்கள். வெளிநாட்டிலுள்ள எங்கள் ஆட்களுக்குக் கிண்டில் மின்னூல் நல்ல வழி. 2016 முடிவிலிருந்து அதில் தமிழிலும் நேரடியாக வெளியிடலாம். இலவச மாதிரியாக ஏறக்குறைய முதல் பத்தில் ஒரு பங்கை அது காட்டும். ஆகவே சமர்ப்பணத்தையும் அணிந்துரையையும் பின்னால் தள்ளிவிட்டுப் பிணத்தை முன்னால் கொண்டுவாருங்கள். வாட்ஸ்அப்பில் முதல் அத்தியாயத்தை உங்கள் சொந்தக் குரலில் பேசி அனுப்புங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

தமிழில் துப்பறியும் கதையைத் தொடக்கி வைத்தவராகச் சொல்லப்படும் பண்டித நடேச சாஸ்திரியின் நூல் வந்தது 1894 இல். அடுத்த வருடமே, 1895 இல், திருகோணமலைக்காரரான சரவணமுத்துப்பிள்ளை தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று பேசப்படும் புத்தகத்தைச் சென்னையில் அச்சேற்றினார். இந்த ஊர்க்காரரின் அந்த நாவல் கடலுக்கு அப்பால் அச்சேறியது. உங்களுக்கு அச்சகம் பஸ் ஓடுகிற தூரத்தில்.

[காட்சி: மேசையில் வெள்ளைத்தாள், கூராக்கிய பென்சில்.]

கையெழுத்துப் பிரதி முடிந்ததும் மூன்று பேரிடம் கொடுங்கள். நீதிமன்றம் தெரிந்த ஒருவர், கடல் தெரிந்த ஒருவர், கொலைகாரன் யார் என்று கடைசிவரை கண்டுபிடிக்க முயலுகிற ஒருவர். பிரதியோடு ஒரு பென்சிலும் கொடுங்கள்.