வாய்ச்சியும் டெக்சல் தீவும்

பேரூராட்சித் தலைவர் அவர்களே, தனக்கு வந்த பொன்னாடையை எனக்குப் போர்த்திய நூலகக் குழுத் தலைவர் ஐயா அவர்களே, விடுமுறை நாளிலும் கதவைத் திறந்துவைத்த நூலகர் அம்மையார் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் தச்சுத் தொழிலாளர் பெரியவர்களே, வணக்கம்.

ஒரு கருவி, ஒரு தீவு, ஒரு செம்மறியாடு. இம்மூன்றைப் பற்றியும் பேசுவேன்.

மரம் செதுக்கும் வாய்ச்சிக்கு ஜெர்மன் மொழியில் டெக்சல் என்று பெயர். நெதர்லாந்தின் வாடன் கடலில் உள்ள ஒரு தீவுக்கும் டெக்சல் என்றே பெயர். தீவுக்காரர்கள் 'டெசல்' என்பார்கள். தீவுக்கு வாய்ச்சி போன்ற வடிவம், அதனால் வந்த பெயர் என்று முடிச்சுப் போட்டுவிடலாமா? 'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்.'

இந்தத் தீவை ஒட்டி நடந்த கதையைக் கேளுங்கள். 1795 ஜனவரி. கடுங்குளிரில் கடல் உறைந்து டச்சுப் போர்க்கப்பல்கள் பனியில் சிக்கிக்கொண்டன. நள்ளிரவு! பிரெஞ்சுக் குதிரைவீரர்கள் குளம்புகளில் துணி சுற்றி, ஓசையின்றிப் பனிமேல் வந்து, கப்பற்படையையே பிடித்துவிட்டார்களாம்! குதிரை கப்பலைப் பிடித்த கதை; கைதட்டத்தான் தோன்றும். ஆனால் எதிர்க்க வேண்டாம் என்ற உத்தரவு டச்சு மாலுமிகளுக்கு முன்பே வந்திருந்தது. சண்டையே இல்லை. தீர விசாரிப்பதே மெய்!

பெயருக்கும் அப்படித்தான். ஜெர்மன் மொழியறிஞர் ஜேக்கப் கிரிம் 1822இல் விளக்கிய ஒலிமாற்ற விதிப்படி பார்த்தால் இரண்டும் வெவ்வேறு வேர். கருவியின் பெயர், செதுக்குதலைக் குறிக்கும் பழைய வேரிலிருந்து வந்தது. மரவேலை செய்பவரைக் குறிக்கும் வடமொழி 'தக்ஷன்' அதன் உறவு, அதன் வழியே வந்ததாக அறிஞர் பலர் கொள்ளும் நம் 'தச்சன்' என்ற சொல்லும் உறவு. தீவின் பெயரோ வலப்பக்கம், தெற்கு என்ற பொருளுடைய வேரைச் சேர்ந்தது என்பதே வலுவான விளக்கம். அப்படியானால் 'தட்சிணம்' அதற்குச் சொந்தம்! தச்சன் ஒரு வீட்டில், தட்சிணம் வேறு வீட்டில்.

ஐரோப்பாவில் ஒரு வாய்ச்சியின் பெயரை இத்தனை தூரம் தேடுகிறார்கள். நம் தச்சர்கள் கொட்டாப்புளி, இழைப்புளி, உளி என்று சொல்லும் கருவிகளின் ஊர்ப் பெயர்களை யார் எழுதிவைத்தார்கள்? இயந்திரம் வந்த பட்டறைகளில் வாய்ச்சி மூலையில் கிடக்கிறது. சொல்லும் அதனுடனே போகும். பேரூராட்சித் தலைவர் அவர்களே, இந்த நூலகத்தில் ஒரு கருவிச்சொல் பதிவேடு தொடங்க வேண்டும் என்று மூன்றாம் முறையாகக் கேட்கிறேன். செலவு ஒரு நோட்டுப்புத்தகம்தான்.

அந்தத் தீவின் செம்மறியாட்டுக்கு நேரமில்லை, மணியடித்துவிட்டார்கள். பெரியவர்களே, இறங்கும்போது அம்மையாரிடம் ஆளுக்கு ஒரு கருவியின் பெயராவது சொல்லிவிட்டுப் போங்கள். பேனா என்னிடம் இருக்கிறது.