கொழுந்துக் கணக்கை ஏஐயிடம் கொடுத்தால்: புரோகிராமிங் மொழிகள் எங்கே போகின்றன?

வணக்கம். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் இன்றைக்கு நல்ல மழை. கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது, அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

"ஏஐ தான் கோட் எழுதுகிறதே, இனி பைதன், ஜாவா எல்லாம் எதற்குப் படிக்க வேண்டும்?" ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடித்த தம்பி தங்கச்சிமார் அடிக்கடி கேட்கிறார்கள். பதிலை, தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் கொழுந்து மடுவத்தில் இருந்து தொடங்குவோம்.

[திரையில்: தராசு. அதன் கீழே 8, 9, 7]

ஒருவர் பறித்த கொழுந்தை நாளுக்கு மூன்று தடவை நிறுக்கிறார்கள் என்று வையுங்கள். 8, 9, 7 கிலோ. நான் ஏஐயிடம் தமிழிலேயே சொன்னேன்: "மூன்று நிறுவையையும் கூட்டி, இரண்டு கிலோ கழி. 20 கிலோவுக்குக் குறைந்தால் அரைப் பேர் போடு." பேர் என்றால் ஒரு நாள் சம்பளம், அரைப் பேர் என்றால் அதில் பாதி. சில நொடிகளில் பைதன் கோட் வந்துவிட்டது. 24இல் 2 போக 22. முழுப் பேர்.

அம்மா வருஷக்கணக்காகக் கொழுந்து பறித்தவர். திரையை எட்டிப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "கழிவு ஒவ்வொரு நிறுவைக்குமா, மொத்தத்துக்கா?"

ஒவ்வொன்றுக்கும் என்றால் 6 கிலோ போய்விடும். மிஞ்சுவது 18. அரைப் பேர்! நான் சொன்ன வாக்கியத்தில் இரண்டு சம்பளம் ஒளிந்திருக்கிறது. ஏஐ என்னிடம் கேட்காமல் ஒன்றைத் தானே எடுத்துக்கொண்டது.

[திரையில்: மொத்தம் = 8 + 9 + 7
கழிவு = 2
மிச்சம் = மொத்தம் - கழிவு]

ஆமாம், பைதன் 3இல் இப்படித் தமிழிலும் பெயர் வைக்கலாம். ஏஐ எடுத்த முடிவு அந்த இரண்டாவது வரியில்தான் இருக்கிறது. வாசிக்கத் தெரியாதவருக்கு அது கண்ணில் படாது.

இப்போது பரபரப்பான புது புரோகிராமிங் மொழி ஆங்கிலம்தான் என்று 2023இல் ஏஐ ஆராய்ச்சியாளர் ஆந்த்ரே கர்பாதி எழுதினார். கோடைப் பார்க்காமலே ஏஐயிடம் பேசிப் பேசி எழுத வைப்பதற்கு 2025இல் 'வைப் கோடிங்' என்று பெயர் வைத்ததும் அவரே. எனக்கு இதில் பாதிதான் சம்மதம். மனிதப் பேச்சுக்குக் கிட்டே வரும் ஆசை பழையது. 1959இல் உருவாகத் தொடங்கிய கோபோல் என்ற புரோகிராமிங் மொழி, ஆங்கில வாக்கியம் போலவே இருக்கும். ஆனால் அதிலும் ஒவ்வொரு கட்டளைக்கும் வரையறுத்த அர்த்தம் உண்டு. நம் பேச்சுக்கு அது கிடையாது.

சரி, மொழிகளில் என்னதான் மாறுகிறது? 1991இல் வந்த பைதன் ஜெயித்ததற்கு ஒரு காரணம், எழுதச் சுலபம். இப்போது எழுதும் வேலையை மெஷின் பார்க்கிறது, சரிபார்ப்பது நம் தலையில் விழுகிறது. அதனால் கண்டிப்பான மொழிகளுக்கு மவுசு கூடுகிறது.

ஜாவாஸ்கிரிப்டில் 18ஐ எழுத்தாகக் கொடுத்து, அதோடு எண் 4ஐக் கூட்டிப் பாருங்கள். 22 வராது, 184 வரும்! ஒரே நாளில் 184 கிலோ கொழுந்து. ஜாவாஸ்கிரிப்டின் கண்டிப்பான வடிவமான டைப்ஸ்கிரிப்டில் 'மொத்தம் என்பது எண்' என்று முன்பே எழுதி வைத்தால், ஓடவிடும் முன்பே சிவப்புக் கோடு விழும். மைக்ரோசாஃப்ட் அதை வெளியிட்டது 2012இல். 2025 ஆகஸ்டில், கோட் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில், எழுதுபவர்களின் எண்ணிக்கையில் பைதனையும் ஜாவாஸ்கிரிப்டையும் தாண்டி அது முதலிடத்துக்கு வந்தது. ஏஐ மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன், ஆனால் ஏஐ எழுதும் கோடுக்கு இப்படி ஒரு காவல் தேவைதான்.

புது மொழிகள் பாடுதான் கஷ்டம். ஏஐ கற்பது ஏற்கெனவே எழுதிக் குவித்த கோடில் இருந்து. பைதனுக்கு அது மலையாக இருக்கிறது. தமிழ்ச் சொற்களாலேயே எழுதும் 'எழில்' மொழிக்கு ஒரு கைப்பிடி.

அப்புறம், அம்மா கேட்ட கேள்வியை அவரிடமே திருப்பிக் கேட்டேன். "எங்க மலையில ஒவ்வொரு நிறுவைக்கும்தான்" என்றார்.

[திரையில்: கழிவு = 2 * 3]

ஓடவிட்டேன். அரைப் பேர் விழுந்தது.