ஆவணத்தின் பெயர் சொல்லிக் கேளுங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

அரசு அலுவலகத்திடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நான் முதன்முதலாக எழுதிய மனுவிலிருந்து தொடங்குகிறேன். புதிதாகப் போட்ட சாலை ஆறே மாதத்தில் பெயர்ந்துவிட்டது. கோபத்தில் நகராட்சிக்கு ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். ஏன் இப்படிப் போட்டீர்கள், இதற்கு யார் பொறுப்பு, எப்போது சரிசெய்வீர்கள் என்று வரிசையாகக் கேட்டிருந்தேன். கெடு முடிகிற நாளில் ஒரே வரியில் பதில் வந்தது: "கோரப்பட்ட விவரம் இவ்வலுவலகத்தில் பதிவாக இல்லை."

அன்றைக்கு எனக்கு ஆத்திரம்தான் வந்தது. பிறகு சட்டத்தைப் படித்துப் பார்த்தால், அந்தப் பதிலில் தவறில்லை. தகவல் சட்டம் அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கிற பதிவைத்தான் நமக்குத் திறந்துவிடுகிறது. நமக்காக ஒருவர் உட்கார்ந்து புதிதாக விளக்கம் எழுத வேண்டும் என்று சொல்வதில்லை. 2011-இல் இந்திய உச்ச நீதிமன்றம், தேர்வு எழுதியவர் தன் விடைத்தாளைப் பார்க்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. அதே தீர்ப்பில், இல்லாத தகவலை உருவாக்கித் தரும் கடமை அலுவலகத்துக்குக் கிடையாது என்றும் சொன்னது. இந்த இரண்டையும் சேர்த்தே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

"ஏன்" என்ற கேள்விக்குக் கோப்பு கிடையாது. ஆனால் சாலைக்குக் கோப்பு உண்டு. மதிப்பீடு போட்டிருப்பார்கள், ஒப்பந்தப்புள்ளி கோரியிருப்பார்கள், பணி ஆணை கொடுத்திருப்பார்கள். வேலை முடிந்ததும் பொறியாளர் வந்து அளந்து புத்தகத்தில் எழுதியிருப்பார். அதை வைத்துத்தான் பில் பாஸ் ஆகியிருக்கும். இரண்டாவது மனுவில் ஒரு கேள்வியும் வைக்கவில்லை. இந்த ஆவணங்களின் பெயரையும், சாலையின் பெயரையும், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்பதையும் மட்டும் எழுதினேன். நகல்கள் வந்தன.

அதில் அளவுப் புத்தகத்தின் ஒரு பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. நீளம், அகலம், கனம் என்று மூன்று கட்டங்கள். கனம் என்ற கட்டத்தில் 40 மில்லிமீட்டர். கீழே கையெழுத்து, தேதி. அந்தத் தாளையும் ஒரு ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு பெயர்ந்த பள்ளத்தின் ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். உடைந்த தார் விளிம்பில் ஸ்கேலை வைத்தால் 20-ஐக்கூடத் தொடவில்லை. முதல் மனுவில் ஒரு பக்கம் கோபப்பட்டு எழுதியும் கிடைக்காதது, அந்த ஒரு கட்டத்தில் இருந்தது.

இதை நான் கண்டுபிடித்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு இதைத்தான் செய்தது. 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற கிராமத்தில் தொடங்கி, மக்கள் விசாரணைக் கூட்டங்கள் நடத்தினார்கள். பொதுப்பணிகளுக்கான வருகைப் பட்டியலையும் பில்களையும் ஊர் மக்கள் முன்னால் உரக்கப் படித்தார்கள். அவ்வளவுதான். வேலைக்கே வராதவர்களின் பெயர், இறந்துபோனவர்களின் பெயர் எல்லாம் கூலி வாங்கியதாகப் பட்டியலில் இருந்தது இப்படித்தான் வெளியே வந்தது. 1996-இல் பியாவரில் 40 நாள் தர்ணா இருந்து அவர்கள் கேட்டதும் அந்தக் காகிதங்களின் நகலைத்தான். அங்கே தொடங்கியதுதான் 2005-இல் இந்தியாவின் சட்டமாக முடிந்தது.

சரி, காவல்துறையிடம் தகவல் கேட்பதற்கு வருவோம். இங்கேதான் பலரும் பாதியில் விட்டுவிடுகிறார்கள். "விசாரணை நிலுவையில் உள்ளது" என்று ஒரு வாக்கியம் வரும், நாமும் மனுவை மடித்து வைத்துவிடுவோம்.

மடித்து வைக்காதீர்கள். விசாரணையைக் கெடுக்கும் தகவலை மறுக்கலாம் என்று பெரும்பாலான நாடுகளின் சட்டங்களும் சொல்கின்றன, அது நியாயமானதும்கூட. ஆனால் விசாரணை நடக்கிறது என்பது மட்டும் காரணமாகாது. இந்தத் தகவலைக் கொடுத்தால் விசாரணை எப்படிக் கெடும் என்பதை அலுவலகம்தான் காட்ட வேண்டும். டெல்லி உயர் நீதிமன்றம் பகத் சிங் என்பவர் தொடுத்த வழக்கில் 2007-இல் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

சிகாகோவில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 2014 அக்டோபர் 20 அன்று லக்வான் மெக்டொனால்ட் என்ற 17 வயது இளைஞரைக் காவலர் ஒருவர் சுட்டுக் கொன்றார். மார்பில் குண்டு பட்டது என்பதுதான் அன்று காவலர் சங்கம் சொன்ன கதை. பத்திரிகையாளர் ஜேமி கால்வன் தகவல் சட்டத்தின் வழியாகப் பிரேதப் பரிசோதனை அறிக்கையை வாங்கினார். உடலில் 16 குண்டுகள் பாய்ந்திருந்தன. காவல் வாகனத்தின் கேமராவில் சம்பவம் பதிவாகியிருந்தது. அதைக் கேட்டபோது, விசாரணை நடக்கிறது என்று மறுத்தார்கள். பிராண்டன் ஸ்மித் என்ற இன்னொரு பத்திரிகையாளர் வழக்குப் போட்டார். விசாரிப்பது வேறு அமைப்புகள், மறுப்பது நகரக் காவல்துறை. அது இந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது என்று நீதிபதி தீர்ப்பளித்தார். 2015 நவம்பர் 24 அன்று, சம்பவம் நடந்து 13 மாதம் கழித்து, காணொளி வெளிவந்தது. அதே நாளில்தான் அந்தக் காவலர் மீது கொலைக் குற்றச்சாட்டும் பதிவானது. 2018-இல் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது.

இங்கேயும் அவர்கள் "என்ன நடந்தது?" என்று மனு போடவில்லை என்பதைக் கவனியுங்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாகனக் கேமரா பதிவு. இரண்டும் பெயர் உள்ள, தேதி உள்ள பொருள்கள்.

எந்தச் சட்டத்தின் கீழ் கேட்கிறோம் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் 1966-ஆம் ஆண்டுத் தகவல் சட்டம் கூட்டாட்சி அலுவலகங்களுக்கு மட்டும்தான். நகரக் காவல்துறையிடம் மாநிலச் சட்டத்தைச் சொல்லித்தான் கேட்க முடியும். ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டம் உண்டு. கெடுவும் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் 30 நாள், பிரிட்டனில் 20 வேலை நாள், இலங்கையில் 14 வேலை நாள். ஒருவரின் உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்டது என்றால் இந்தியாவிலும் இலங்கையிலும் 48 மணி நேரம். காவலில் வைக்கப்பட்ட ஒருவரைப் பற்றிக் கேட்கிறவர்கள் மனுவின் முதல் வரியிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம், எனக்கு மிக முக்கியமாகப் படுகிற ஒன்று. காவல் நிலையப் பதிவேட்டில் இருப்பது அலுவலகத்தின் செயல் மட்டும் இல்லை. அடிபட்ட பெண்ணின் முகவரி இருக்கும், புகார் கொடுத்த சிறுவனின் பெயர் இருக்கும், தகவல் சொன்னவர் யார் என்பது இருக்கும். அவற்றைக் காப்பாற்றும் பொறுப்பு கேட்கிற நமக்கும் உண்டு. அதனால் நான் எப்போதும் மனுவில் ஒரு வரி சேர்ப்பேன்: "தனிநபர்களின் பெயர், முகவரியை மறைத்துவிட்டு மீதியைத் தந்தால் போதும்." மறைக்க வேண்டியதை மறைத்துவிட்டு மற்றதைக் கொடு என்று பல நாட்டுச் சட்டங்களும் சொல்கின்றன, அதை நாமே முன்கூட்டி எழுதிவிட்டால், மொத்தமாக மறுப்பது அவர்களுக்குக் கடினமாகிவிடும். பெயர் தேவையில்லாமலே கேட்கக்கூடியவை நிறைய உண்டு. அவசர அழைப்பு வந்த நேரம், வாகனம் புறப்பட்ட நேரம், போய்ச் சேர்ந்த நேரம். இந்த மூன்றை ஒரு வருடத்துக்கு வாங்கிப் பார்த்தால், எந்தப் பகுதியின் அழைப்புக்குக் காவல்துறை தாமதமாகப் போகிறது என்பது யாரும் விளக்காமலே தெரிந்துவிடும்.

மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள். மறுப்பை எழுத்தில், எந்தப் பிரிவின் கீழ் என்று குறிப்பிட்டு வாங்குங்கள். மேல்முறையீட்டுக்கும் கெடு உண்டு, அதைத் தவறவிடாதீர்கள்.

கூட்டம் தொடங்கும் முன் ஒரு அம்மா என்னிடம் வந்தார். மகன் விபத்தில் சிக்கிய சந்திப்பில் கேமரா இருக்கிறது, அந்தப் பதிவைக் கேட்கலாமா, அடுத்த மாதம் எழுதினால் போதுமா என்று கேட்டார். அம்மா, அடுத்த மாதம் வேண்டாம். அந்த மாதிரிக் கேமராக்களில் இடம் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். அது சில வாரங்களில், சில இடங்களில் சில நாள்களிலேயே நடந்துவிடும். இன்று இரவே எழுதுங்கள். இடம், தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று போடுங்கள். "இந்த மனு முடிவாகும் வரை பதிவை அழிக்காமல் பாதுகாக்க வேண்டும்" என்பதை முதல் வரியாகப் போடுங்கள். எழுதியதைக் கொண்டுவாருங்கள், அனுப்பும் முன் நானும் ஒருமுறை படித்துப் பார்க்கிறேன்.