ஸ்டேஷனுக்குத் தனியாகப் போகலாமா?

எல்லோருக்கும் வணக்கம். மேடையில் இருக்கும் ஆய்வாளர் ஐயாவுக்கும், முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஏட்டு அண்ணன்களுக்கும், கேரம் போர்டைச் சுவர் ஓரமாகச் சாய்த்துவிட்டு இந்தக் கூட்டத்துக்கு இடம் கொடுத்த தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

போலீசும் நம் ஏரியாப் பசங்களும் நண்பர்களாவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். நண்பர்களாவதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரு கேள்வி. 19 வயசுப் பையன் ஒருத்தன், கூட அப்பா இல்லாமல், வட்டச் செயலாளர் இல்லாமல், என்னைப் போல ஒரு வக்கீலும் இல்லாமல், தனியாக ஸ்டேஷனுக்குள் போய் ஒரு புகார் எழுதிக் கொடுத்துவிட்டு ரசீதோடு திரும்பி வர முடியுமா? முடியும் என்பவர்கள் கை தூக்குங்கள்.

சரி. ஒரு கைகூட எழவில்லை. ஐயா, நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள், இதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நான் வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவன். அப்பா பின்னி மில் தொழிலாளி, 1996-ல் மில் மூடினபோது வேலை போனவர். அந்த மில் ஸ்டிரைக்கை ஒட்டி 1921-ல் புளியந்தோப்பில் போலீஸ் துப்பாக்கிச் சூடே நடந்திருக்கிறது. அதாவது, இந்தப் பக்கத்து ஜனங்களுக்கும் காக்கிச் சட்டைக்கும் நடுவில் இருக்கிற கணக்கு நேற்று ஆரம்பித்தது இல்லை. எந்த ஏரியா என்று கேட்டு, பதில் சொன்னதும் எதிரில் நிற்பவர் முகம் மாறுவதை நான் என் 18 வயசிலேயே பார்த்துவிட்டேன். இன்றைக்கு என்ன கூடுதல் என்றால், முகத்தை நேராகக் காட்டச் சொல்லி செல்போனில் படம் எடுத்து, பழைய குற்றவாளிகள் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். வேலை முடிந்து ராத்திரி 11 மணிக்கு வீட்டுக்கு வருகிற பையன், தெருவில் நாலு பேர் பார்க்க, கண்ணை மூடாமல் கேமரா முன்னால் நிற்கிறான். அவன் தவறு எதுவும் செய்யவில்லை என்று அந்தச் செயலி சொல்லிவிடும்தான், ஆனால் அவன் நின்ற அந்த ரெண்டு நிமிஷத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

என்னிடம் வந்த ஒரு தம்பியின் கதை இது. ஸ்டேஷன் பெயர் வேண்டாம். உணவு டெலிவரி செய்கிறவன், பஸ்ஸில் போனைப் பறிகொடுத்துவிட்டுப் புகார் கொடுக்கப் போயிருக்கிறான். போனதும் முதல் கேள்வி, ‘அது உன் போன்தானா? பில் எங்கே?’ பழைய போன், கைமாற்றி வாங்கியது, பில் இல்லை. அடுத்து, கையில் இருக்கிற தழும்பு என்ன? அண்ணன் என்ன செய்கிறான்? அப்படியே வாசல் பக்கத்தில் ரெண்டு மணி நேரம் நிற்க வைத்திருக்கிறார்கள். பறிகொடுத்தவனாக உள்ளே போனவன் சந்தேக நபராக வெளியே வந்தான். அவனை யாரும் அடிக்கவில்லை, திட்டக்கூட இல்லை. ஆனால் நாளைக்கு அவன் கண்ணெதிரே ஒரு கொலை நடந்தாலும் அவன் வாயைத் திறப்பான் என்று நினைக்கிறீர்களா?

அடிக்கிறதைப் பற்றியும் பேசாமல் போக முடியாது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் பிடியில் அடிபட்டு இறந்த ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும். 2022 ஏப்ரலில் இதே சென்னையில், ராத்திரி வாகனச் சோதனையில் பிடிபட்ட 25 வயசு விக்னேஷ், மறுநாள் உயிரோடு இல்லை. 2025 ஜூனில் திருப்புவனம் பக்கம் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார், அவரும் அப்படியே. இந்தப் பெயர்களெல்லாம் இங்கே உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு அம்மாவுக்கும் தெரியும். பையன் வர அரைமணி தாமதமானால் அவர்கள் வயிறு கலங்குவது இதனால்தான். அதே சாத்தான்குளத்தில் நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னதும் ஒரு பெண் தலைமைக் காவலர்தான், அதையும் நாம் மறக்கக் கூடாது.

நல்லது செய்ய நினைத்த முயற்சிகளும் இருக்கின்றன. 1993-ல் ராமநாதபுரத்தில் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப் ‘போலீஸ் நண்பர்கள்’ என்று ஆரம்பித்தார், பிறகு மாநிலம் முழுக்கப் பரவியது. ஜனங்களை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் கொண்டுவர வந்த அமைப்பு, போகப் போக சில ஊர்களில் லத்தி இல்லாத இன்னொரு போலீஸாக மாறிவிட்டது என்பது என் அபிப்பிராயம். சாத்தான்குளத்துக்குப் பிறகு 2020 ஜூலையில் அரசே அதற்குத் தடை போட்டது. கேரளத்தில் 2010-ல் பள்ளிப் பிள்ளைகளை வைத்து மாணவர் காவல் படை ஆரம்பித்தார்கள், அது இன்று வேறு மாநிலங்களிலும் இருக்கிறது. போலீஸே நடத்துகிற நம் சிறுவர் மன்றம் இருக்கிறது, மாலையில் டியூஷன், கேரம், ஃபுட்பால், எல்லாம் நல்ல விஷயம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பரிசுக் கோப்பை கொடுத்த அதே கை திங்கட்கிழமை ராத்திரி வண்டிச் சாவியைப் பிடுங்கினால் பையனுக்கு எது ஞாபகம் இருக்கும்?

போலீஸ்காரர்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் பேசவில்லை. பந்தோபஸ்துக்கு நிற்கிற கான்ஸ்டபிளுக்கும் 24, 25 வயசுதான், எங்கோ திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவர், காலை 5 மணியிலிருந்து நின்றுகொண்டிருப்பார். வார விடுமுறைக்கே 2021-ல்தான் அரசாணை வந்தது. ஏரியாப் பசங்க பெயர் மனசில் பதிகிற நேரத்தில் மாற்றல் வந்துவிடும். ஏரியாவில் ரோந்து போகிற ஒரு பீட் காவலரைக் குறைந்தது மூணு வருஷம் ஒரே இடத்தில் விட்டுவைத்தால் பாதி வேலை தானாக நடக்கும் என்பேன்.

மீதிப் பாதிக்குப் புதுசாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம், சட்டத்திலேயே இருக்கிறது. கைது செய்பவர் சட்டையில் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும், வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும், 15 வயசுக்குக் கீழே இருக்கிற பையனை விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச்சொல்லக் கூடாது, வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசம். இன்னொன்று, சின்னச் சண்டைக்கெல்லாம் பையன் பெயரை வழக்கில் சேர்க்கும்போது ஒரு நிமிஷம் யோசியுங்கள் ஐயா. நாலு வருஷம் கழித்து அவன் போலீஸ் தேர்வு எழுதி, ஓட்டத்திலும் கயிறு ஏறுவதிலும் ஜெயித்து, கடைசியில் பின்னணி விசாரணையில் அந்த ஒரு வரியால் நிற்கிறான். உங்கள் பக்கம் வந்து சேர்ந்திருக்க வேண்டிய பையன் அவன்.

அந்த டெலிவரி தம்பியின் கதை பாக்கி இருக்கிறது. வேறொரு ஸ்டேஷனுக்கு அவனை நான் கூட்டிப்போனேன். அங்கே இருந்த எஸ்.ஐ. அம்மா முதலில் சொன்னது, ‘உட்காருப்பா, தண்ணி குடிச்சியா?’ புகாரை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கையில் கொடுத்தார், காணாமல் போன போனை அதன் ஐ.எம்.இ.ஐ. எண்ணை வைத்து முடக்கும் சி.இ.ஐ.ஆர். என்ற மத்திய அரசுத் தளத்தில் போனை முடக்க வழி சொன்னார். போன் கிடைக்க நாலு மாசம் ஆனது. கிடைக்காமல் போயிருந்தாலும் அவன் அந்த அம்மாவைக் குறை சொல்லியிருக்க மாட்டான். போன தீபாவளிக்குத் தெருவில் கத்தி எடுத்த சண்டை வந்தபோது முதல் போன் அந்த அம்மாவுக்குப் போட்டவன் அவன்தான்.

இங்கே பின் வரிசையில் ஒரு தம்பி இருக்கிறான், சைக்கிள் காணாமல் போய் நாலு நாள் ஆகிறது. என்னைக் கூட வரச் சொன்னான். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். நாளைக் காலை 10 மணிக்கு அவன் தனியாகத்தான் வருவான், ஐயா.